பதினோராவது சட்டை

அத்தியாயம் 14

போன கிழமை உதயகலாவின் தொலைபேசிக்கு ஒரு வீடியோ வந்த இடத்தில் நிறுத்திவிட்டேன். அதற்காக என்னைத் திட்டி மூன்று கடிதம் வந்திருக்கிறது. திட்டுங்கள், வாங்கிக்கொள்கிறேன். இந்தக் கிழமை நடந்ததை வாசித்த பிறகு என்னை விட்டுவிட்டு உதயகலாவின் அம்மா கமலாவதியைத் திட்டத் தொடங்குவீர்கள். அதையும் கொஞ்சம் பொறுத்துத் திட்டுங்கள்.

அந்த வீடியோ இருபது விநாடிதான். வட்டுக்கோட்டையில் தொலைபேசி திருத்தும் செல்வரட்ணத்தின் கடைக்குள் வியாழன் பின்னேரம் நான்கு பேர் வாளோடு நுழைகிறார்கள். மூன்று பேர் கண்ணாடிகளை உடைக்கிறார்கள். நாலாமவன் செல்வரட்ணத்தின் தலைக்கு ஓங்குகிறான். அவர் கையைக் குறுக்கே போடுகிறார். இரண்டு விரல்கள் மேசையில் விழுகின்றன.

வெட்டியவனின் முகத்தைத் துவாய் மூடியிருந்தது. சட்டையை எதுவும் மூடவில்லை. கறுப்புச் சட்டை, வலது கை மட்டும் வாழையிலைப் பச்சை. அப்படியொரு சட்டை சாவகச்சேரியில் உதயகலாவின் தையல்கடையைத் தவிர உலகத்தில் வேறெங்கும் இல்லை.

புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்குச் சட்டையின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எழுபத்தொன்பதில் தென்மராட்சியில் ஒரு படம் எடுத்தார்கள். பெயர் ‘சங்குப்பிட்டிச் சண்டியன்’. தியேட்டரில் ஒன்பது நாளில் படுத்துவிட்டது. பிறகு யுத்தகாலத்தில் கரண்ட் இல்லாத ஊர்களில் ஜெனரேற்றரும் வீடியோ டெக்கும் வாடகைக்கு எடுத்துப் போட்டுப் போட்டுப் பார்த்ததில், அதன் வசனம் தெரியாத ஆளே இல்லையென்றாகிவிட்டது. இந்தக் காலத்துப் பெடியன்கள்கூட அதைத் துண்டு துண்டாக்கித் தொலைபேசியில் விடுகிறார்கள். தம்பி வெட்டுப்பட்டு விழும்போது சண்டியன் தன் சட்டையின் வலது கையைப் பிய்த்துக் காயத்தைக் கட்டுவான். அதற்குப் பிறகு கடைசிவரை ஒற்றைக் கைச் சட்டைதான்.

கொழும்பில் ஆடை வடிவமைப்புப் படித்துவிட்டு வந்த உதயகலா அந்தப் படத்தை வைத்து ஒரு கலெக்‌ஷன் செய்தாள். வில்லன் இடுப்பில் கட்டும் கட்டம் போட்ட சாரத் துணியில் பெண்களுக்குப் பாவாடை. கதாநாயகி வேலி பாய்ந்து கிழித்துக்கொண்ட சேலைக்குக் கிழிந்த இடமெல்லாம் வெள்ளிச் சரிகை. எல்லாவற்றுக்கும் மேலே சண்டியன் சட்டை. வலது கையைப் பிய்த்து எடுக்கலாம், தோளைச் சுற்றி எட்டு அமுக்குப் பட்டன். படம் கறுப்பு வெள்ளை என்பதால் அந்தக் கை என்ன நிறமென்று ரசிகர்கள் இன்றைக்கும் அடிபடுகிறார்கள். உதயகலாவுக்கு அந்தச் சிக்கல் இல்லை. அவளுடைய அப்பா கனகலிங்கம் அந்தப் படத்தில் எட்டாவது சண்டையில் வெட்டுப்பட்டு வயலுக்குள் விழும் ஆள். மொத்தம் ஆறு விநாடி. “வாழையிலைப் பச்சை. என்ரை கண்ணாலை கண்டனான்” என்று அவர் சொன்னார். அதோடு முடிந்தது.

நாளை சனிக்கிழமை யாழ்ப்பாணத்தில் ஷோ. தைத்தது பதினொரு சட்டை. புதன்கிழமையிலிருந்து ஒன்றைக் காணவில்லை.

இப்போது வெள்ளிக்கிழமை காலை எட்டு மணி. வீடியோவைப் பார்த்த உடனே உதயகலாவுக்குத் தம்பியின் நினைவு வந்தது. பார்த்தீபன் விடியவே சண்டியன் சட்டையைப் போட்டுக்கொண்டு சங்குப்பிட்டிப் பாலத்தில் படம் எடுக்கப் போயிருந்தான். அவன் வெட்டவில்லை என்று அவளுக்குத் தெரியும். வியாழன் பின்னேரம் முழுக்க அவள் பக்கத்திலிருந்து பட்டன் தைத்தவன் அவன். செல்வரட்ணத்தின் ஆட்களுக்கு அது எப்படித் தெரியப் போகிறது?

ஏழு தரம் அழைத்தாள். அடித்துக்கொண்டே இருந்தது. அவன் எடுக்கவில்லை.

தொலைபேசி மோட்டார் சைக்கிள் சீற்றுக்கு அடியில் கிடந்தது. பார்த்தீபன் தனங்கிளப்பில் சந்தியோகுவின் தேத்தண்ணிக் கடை வாங்கிலில் உட்கார்ந்து வாய்ப்பனைப் பிய்த்துத் தின்றுகொண்டிருந்தான். படம் எடுத்தவன் முன்னாலே போய்விட்டான். படங்கள் நன்றாக வந்திருந்தன, அந்தச் சந்தோஷம் அவன் முகத்தில் இருந்தது.

மூன்று மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. ஆறு பேர். மெலிந்த ஒருவன் மட்டும் உள்ளே வந்து எதிரே இருந்தான்.

“சட்டை வடிவாக் கிடக்கு தம்பி. எங்கை எடுத்தனீர்?”

“எங்கடை கடைதான் அண்ணை. அக்கா தைச்சது.”

“எனக்கும் ஒண்டு வேணும். கடையிலை கிடக்கோ?”

“இல்லை அண்ணை. இது ஷோவுக்கு மட்டுந்தான் தைச்சது. ஊரிலை வேறை ஒருத்தரிட்டையும் இல்லை.”

பெருமையாகத்தான் சொன்னான். தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். அவன் தவளையுமில்லை, பொய்யும் சொல்லவில்லை. தன் வீட்டு அலுமாரியில் என்ன நடந்ததென்று தெரியாத அப்பாவி.

மெலிந்தவன் தலையாட்டினான். “செல்வரட்ணம் என்ரை மாமா” என்று சொல்லிக்கொண்டே முதுகுப் பக்கத்திலிருந்து வாளை உருவினான்.

முதல் வெட்டு மேசையில் விழுந்தது. கிளாஸ் உடைந்து தேத்தண்ணி பார்த்தீபனின் மடியில் கொட்டியது. அவனுக்கு அது வாள் என்று விளங்கவே ஒரு கணம் பிடித்தது. இரண்டாவதை இடது கையால் தடுத்தான். முழங்கைக்குக் கீழே தோல் திறந்தது, சதை திறந்தது, உள்ளே வெள்ளையாக எலும்பு தெரிந்தது. அதற்குப் பிறகுதான் ரத்தம் வந்தது. நோவு அதற்கும் பிறகு.

“நான் இல்லை அண்ணை. சத்தியமா நான் இல்லை.”

“மாமாவும் உப்பிடித்தான்ரா கெஞ்சினவர்.”

வெளியே நின்றவர்களில் ஒருவன் உள்ளே பாய்ந்து அவனுடைய சட்டையின் வலது கையைப் பிடித்து இழுத்தான். அடுத்த வெட்டுக் கழுத்துக்கு வரும்படி அவனை நிமிர்த்திப் பிடிப்பது அவன் எண்ணம். எட்டு அமுக்குப் பட்டனும் ஒன்றாகக் கழன்றன. பச்சைக் கையைப் பிடித்தபடி அவன் பின்னால் விழ, பார்த்தீபன் முன்னால் விழுந்து, நாலு காலில் தவழ்ந்து குசினிக்குள் புகுந்தான். அவனுக்காக ஓங்கிய வாள் கதவு நிலையில் ஏறி நின்றது.

சந்தியோகுவுக்கு அறுபத்தைந்து வயது. வாழ்நாளில் யாரோடும் வாய்த்தர்க்கம்கூடப் போகாத மனிதன். அடுப்பில் கொதித்த கேத்திலைத் தூக்கி, நிலையிலிருந்து வாளை இழுத்துக்கொண்டிருந்தவனின் முகத்தில் ஊற்றினார். மெலிந்தவன் போட்ட சத்தம் அடுத்த வளவு வரைக்கும் கேட்டது. கூட்டாளிகள் அவனை இழுத்துக்கொண்டு போனார்கள். போகிற போக்கில் பார்த்தீபனின் மோட்டார் சைக்கிளைக் கொத்திப் போட்டார்கள்.

சந்தியோகு தோளில் கிடந்த துவாயால் கையை இறுக்கிக் கட்டினார்.

“கண்ணை மூடாதை மோனை. என்னோடை கதை. உன்ரை பேர் என்ன?”

“பார்த்தீபன்.”

“ஆற்றை பெடியன்?”

“படத்திலை வயலுக்கை விழுந்து சாவாரே... அவற்றை.”

இனி ஆஸ்பத்திரி. படத்தில் செத்துக் காட்டிய கனகலிங்கம், மகனைத் தள்ளுவண்டியில் கண்டதும் உண்மையாகவே மயங்கி விழுந்தார். நாற்பது வருஷம் தன் சாவை ஊருக்கெல்லாம் நடித்துக் காட்டியவரைத் தாதி முகத்தில் தண்ணீர் தெளித்து வாங்கிலில் இருத்த வேண்டியிருந்தது. இதைச் சிரிக்கச் சொல்லவில்லை. பிள்ளையின் ரத்தத்தைப் பார்த்த எந்தத் தகப்பனும் அப்படித்தான்.

“கையைக் காப்பாத்தலாம். விரல் எல்லாம் வேலை செய்யுமோ எண்டு இப்ப சொல்லேலாது” என்றார் டொக்டர்.

சத்திரசிகிச்சைக்கு உள்ளே தள்ளும்போது பார்த்தீபன் அக்காவின் விரலைப் பிடித்தான்.

“அக்கா, செல்வரட்ணத்தாரை வெட்டினது நான் எண்டு நினைச்சிட்டாங்கள். எங்கடை சட்டை எப்பிடி அவனிட்டைப் போனது?”

“கண்டுபிடிக்கிறன். நீ கதைக்காதை.”

“திரும்பவும் வருவாங்களோ?”

அவள் பதில் சொல்வதற்குள் கதவு மூடிக்கொண்டது.

நடைபாதையில் நின்றபடி வீடியோவைத் திரும்பத் திரும்பப் போட்டாள். ஆறாவது தரம் அவள் கண் வாளை விட்டுக் கொலருக்குப் போனது. வெட்டியவன் குனியும்போது கொலரின் பின்பக்கம் தெரிந்தது. அங்கே நகமளவு மஞ்சள்.

புதுத்துணி எதுவானாலும் மூலையில் மஞ்சள் தடவாமல் வீட்டில் யாருக்கும் கொடுக்க மாட்டாள் அம்மா. ஷோவுக்குப் போகிற உடுப்புகளில் மஞ்சளைக் கொண்டுவரக் கூடாது என்று இதே கிழமை இருவருக்கும் சண்டை. பத்துச் சட்டையிலும் மஞ்சள் இல்லை. பதினோராவதை அம்மா தன் கையாலேயே தடவி யாருக்கோ கொடுத்திருக்கிறாள்.

சிகிச்சை முடிந்து பார்த்தீபனைத் தனி அறையில் கிடத்தும்வரை பொறுத்திருந்துவிட்டு அப்பாவிடம் போனாள்.

“அப்பா, தம்பியை விட்டு அசையாதேங்கோ. நான் வீட்டை போட்டு வாறன்.”

“நான் எங்கை போகப்போறன் பிள்ளை” என்றார் கனகலிங்கம். பாவம், சொன்னபோது மனதாரத்தான் சொன்னார்.

வீட்டு வாசலில் சின்னம்மா குணலட்சுமியின் செருப்புக் கிடந்தது. உள்ளே அவள் கமலாவதியின் காலடியில் இருந்து அழுதுகொண்டிருந்தாள். கமலாவதி நாற்காலியில் விறைத்துப்போய் இருந்தாள்.

உதயகலா சுற்றி வளைக்கவில்லை. “சட்டையை ஆருக்குக் குடுத்தனீங்கள்?”

கமலாவதி தங்கையைப் பார்த்தாள். பிறகு நிலத்தைப் பார்த்தாள்.

“கோபிக்கு.”

கோபிசங்கர் குணலட்சுமியின் ஒரே மகன். உதயகலாவுக்குத் தம்பி முறை. கிளிநொச்சியில் மண் வெட்டும் மெசின் ஓட்டுகிறான் என்று வீட்டார் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

“ஏன் குடுத்தனீங்கள்?”

“அவன்ரை கைராசி உனக்குத் தெரியுந்தானே. தைப்பொங்கலுக்கு முதல் சட்டை அவன் வாங்கினவன். நாலு நாளிலை கடை துடைச்சாப்போலை போச்சுது. உன்ரை ஷோவுக்கும் முதல் சட்டை அவன்ரை கையிலை போகட்டும் எண்டு நினைச்சன். நல்ல நேரம் பாத்து, வெத்திலை வைச்சு, மஞ்சள் தடவித்தான் குடுத்தனான். நீ கத்துவாய் எண்டு சொல்லேல்லை.”

ஊரில் அவனவன் கைராசி பார்த்துக் கத்தரிக் கன்று நடுவான், மாட்டைப் பிடிப்பான். நட்டமென்றால் ஒரு பாத்தி, ஒரு மாடு. கமலாவதி பார்த்த கைராசிக்கு ஒருவனின் இரண்டு விரல் போய், பெற்ற மகனின் ஒரு கையும் வெட்டுப்பட்டுவிட்டது. எனக்கு அவள்மேல் கோபம்தான். ஆனாலும் அவள் மகளின் நன்மைக்கென்று செய்தாள் என்பதையும் மறைக்க மாட்டேன்.

“பிள்ளை,” குணலட்சுமி உதயகலாவின் பாவாடையைப் பிடித்தாள். “உவன் கெட்ட கூட்டத்தோடை சேந்திட்டான். எனக்கே நேற்றுத்தான் தெரியும். பொலிசிட்டைப் பேரைச் சொல்லிப்போடாதை. பத்து வருசம் உள்ளை போடுவாங்கள். நான் அவனை வெளிநாட்டுக்கு அனுப்பிப்போடுறன்.”

“சின்னம்மா, தம்பியின்ரை கையை எலும்பு தெரிய வெட்டிப்போட்டாங்கள். போய்ப் பாத்தனீங்களோ?”

“கோபி ஆஸ்பத்திரிக்குப் போட்டான் பிள்ளை. கேள்விப்பட்ட உடனை ஓடினவன்.”

உதயகலாவுக்கு அது சரியாகக் காதில் ஏறவில்லை. அதே நேரம் கமலாவதியின் தொலைபேசி ஒலித்தது. ஒரே ஒரு தரம். கமலாவதி எடுத்துப் பார்த்தாள். நீண்ட நேரம் பார்த்தாள். பிறகு மடியில் கவிழ்த்து வைத்து அதன்மேல் கையை வைத்துக்கொண்டாள்.

படலை திறக்கும் சத்தம் கேட்டது. பொலிஸ்.

வந்த அதிகாரி நிதானமான ஆள். தண்ணீர் வேண்டாமென்று சொல்லிவிட்டு நின்றபடியே கேட்டார்.

“அம்மா, அந்தப் பச்சைக் கைச் சட்டை மொத்தம் எத்தினை தைச்சது?”

உதயகலா வாயைத் திறந்தாள். கமலாவதி முந்திக்கொண்டாள்.

“பத்து.”

“வடிவாத் தெரியுமோ?”

“நான்தான் எல்லாத்தையும் மடிச்சு வைச்சனான். பத்துத்தான்.”

அதிகாரி சின்னக் கொப்பியைப் புரட்டினார். “கடைக்குப் போட்டுத்தான் வாறன். அங்கை ஒன்பது தொங்குது. பத்தாவது உங்கடை மகன்ரை உடம்பிலை இருந்தது. அப்ப வட்டுக்கோட்டையிலை நிண்டது ஆர் அம்மா?”

தானாடாவிட்டாலும் தன் தசை ஆடும் என்று உதயகலா கேள்விப்பட்டிருக்கிறாள். தங்கையின் பிள்ளைக்காகப் பெற்ற பிள்ளையைத் தூக்கிக் கொடுக்கும் தசையை இன்றைக்குத்தான் பார்க்கிறாள்.

“சேர், அம்மா பொய் சொல்லுறா. பதினொண்டு தைச்சனாங்கள். வீடியோவிலை கொலரிலை மஞ்சள் கிடக்கு. தம்பியின்ரை சட்டையிலை மஞ்சள் இல்லை. நேற்று முழுக்க அவன் என்னோடைதான் நிண்டவன். பதினோராவதை அம்மா குடுத்தது...”

கமலாவதி எழுந்த வேகத்தில் நாற்காலி கவிழ்ந்தது. மகளின் கன்னத்தில் விழுந்த அடியில் தோடு கழன்று சுவரில் பட்டது. முப்பத்துநாலு வயது மகள். பிறந்ததிலிருந்து ஒரு நாளும் கை நீட்டாத தாய். ஒன்றோடு நிற்கவில்லை. தலைமயிரைப் பிடித்து இன்னொன்றும் அடித்தாள். உதட்டில் ரத்தம் வந்தது.

“அம்மா, கையை எடுங்கோ” என்றார் அதிகாரி.

“தம்பியைக் காப்பாத்தப் பொய் சொல்லுறாள் சேர். பத்துச் சட்டைதான். நேற்றுப் பின்னேரம் அவன் கடையிலை நிக்கேல்லை. எங்கை போனவனோ எனக்குத் தெரியாது.”

அதிகாரி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். “மஞ்சளைப் பாப்பம் எண்டால், ஆஸ்பத்திரியிலை கிடக்கிற சட்டை முழுக்க ரத்தம்” என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். பிறகு, “மகன்ரை கட்டிலடியிலை ரெண்டு பேரைக் காவலுக்கு விடவேணும். நான் இப்ப நேரை அங்கைதான் போறன்” என்றார்.

ஜீப் புறப்பட்டது. குணலட்சுமி அக்காவின் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். மகனுக்குச் சொல்ல வேண்டும் என்று தொலைபேசியோடு முற்றத்துக்கு ஓடினாள்.

உதயகலா உதட்டைத் துடைத்தாள். “இனிமேல் உங்களை அம்மா எண்டு கூப்பிட மாட்டன்.”

“கூப்பிடாதை. மெல்லக் கதை, அவள் வெளியிலை நிக்கிறாள்.” கமலாவதியின் குரல் இப்போதுதான் உடைந்தது. “கோபியின்ரை பேரை நான் சொன்னால் அடுத்த நிமிசம் இவள் அவனுக்குச் சொல்லுவாள். பார்த்தீபன்தான் எண்டால் பொலிஸ் கட்டிலடியிலை வந்து நிக்கும். மறியல், ஜெயில் எண்டு போனாலும் என்ரை பிள்ளை உசிரோடை போவான்.”

மடியில் கவிழ்த்து வைத்திருந்த தொலைபேசியை நீட்டினாள்.

கோபிசங்கர் தானே கையை நீட்டி எடுத்த படம். ஒரு பக்கம் கனகலிங்கம், அழுத கண்ணோடு, சொந்தப் பிள்ளையைப் போல ஓடி வந்திருக்கிறான் என்ற நன்றியோடு. நடுவில் மயக்கம் தெளியாத பார்த்தீபன். கோபியின் மற்றக் கை பார்த்தீபனின் கழுத்தில், தடவிக் கொடுப்பதுபோல் இருந்தது.

கீழே எழுதியிருந்தான். ‘பெரியம்மா, தம்பிக்குப் பக்கத்திலை நான்தான் நிக்கிறன். பொலிஸ் வந்தால் யோசிச்சுக் கதையுங்கோ.’

உதயகலா அப்பாவுக்கு அழைத்தாள். முதல் மணியிலேயே எடுத்தார். பின்னால் கோப்பைகளும் ஆட்களும் சேர்ந்த சத்தம் கேட்டது.

“அப்பா, எங்கை நிக்கிறியள்?”

“சாப்பாட்டுக் கடையிலை பிள்ளை. காலமை தொடக்கம் ஒண்டும் தின்னேல்லை எண்டு கோபிதான் அனுப்பினவன். நீ பயப்பிடாதை. பார்த்தீபனோடை அவன் தனியத்தான் நிக்கிறான். இடைஞ்சல் வேண்டாமெண்டு கதவையும் சாத்தினவன்.”